லினக்ஸ் கணினியைத் தாமதமாக எழுப்புவது எப்படி?

கணினி சட்டென்று திறந்துகொண்டால் வேலையைத் தொடங்கியாக வேண்டும். அந்த ஆபத்தைத் தவிர்க்க ஒரு லினக்ஸ் கணினியும், பிணையம் வழியாக ஃபோல்டரைப் பகிரும், அடிக்கடி அணையும் ஒரு என்.எஃப்.எஸ். சர்வரும் போதும்.

1. சர்வர் ஃபோல்டரைக் கணினியில் இணைக்க, அதாவது மவுன்ட் செய்ய, அதை எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி, பக்கத்தில் 'டிஃபால்ட்ஸ்' என்று மட்டும் போடுங்கள். 'நோஃபெயில்' சேர்க்கவே கூடாது. சேர்த்தால் சர்வர் செத்துக் கிடந்தாலும் கணினி தன்பாட்டுக்கு எழுந்துவிடும். சேர்க்காவிட்டால், தாய்மாமன் வராமல் தாலி ஏறாது என்பதுபோல, சர்வருக்காகக் காத்திருக்காமல் லாகின் திரை வராது.

2. மடிக்கணினியா? இன்னும் நல்லது. வைஃபை கடவுச்சொல்லை உங்கள் பயனர் கணக்குக்குள் பூட்டி வையுங்கள். லாகின் செய்தால்தான் வைஃபை. வைஃபை வந்தால்தான் மவுன்ட். மவுன்ட் முடிந்தால்தான் லாகின்.

3. திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடவலமாக ஓடும்போது பதற வேண்டாம். கணினியை எழுப்பும் சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடி பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். அவ்வளவு நேரம் போதாது என்றால் அந்தக் கெடுவை நீட்டிக்கலாம்.

4. மவுன்ட் 'ஹார்ட்' வகையாகவே இருக்கட்டும். இயல்பிலேயே அப்படித்தான் இருக்கும். தரவுக்கு அதுதான் பாதுகாப்பு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம், அது உண்மையும்கூட. நடுவில் சர்வர் போனால் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். இடம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க 'டிஎஃப்' அடித்தால் அதுவும் உறைந்து நிற்கும்.

5. அந்த ஃபோல்டரை 'பாத்' பட்டியலில் முதலாவதாகச் சேருங்கள். இனி எந்தக் கட்டளை கொடுத்தாலும் முதலில் சர்வரிடம்தான் போய் நிற்கும்.

6. செய்யவே கூடாதது: எஃப்எஸ்டேப் வரியில் 'நோஆட்டோ', 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட்' இரண்டையும் சேர்ப்பது. சேர்த்தால் பூட் ஆகும்போது சர்வரை யாரும் தேடமாட்டார்கள். ஃபோல்டர் இருக்குமிடத்தில் கெர்னல் ஒரு காவலை மட்டும் நிறுத்திவைக்கும். யாராவது உள்ளே எட்டிப்பார்க்கும் நொடியில்தான் மவுன்ட் நடக்கும். 'ஐடில்-டைம்அவுட்' 600 என்று கொடுத்தால், 10 நிமிடம் யாரும் தொடாதபோது தானே கழன்றுகொள்ளும். என்.எஃப்.எஸ்.ஸை 1984இல் உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ், அந்தப் பத்தாண்டு முடியும் முன்பே தானியங்கி மவுன்டையும் கொண்டுவந்துவிட்டது. அந்தச் செய்தி உங்கள் அலுவலகத்துக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீறி யாராவது சேர்த்துவிட்டால், 'டெமன்-ரீலோட்' கொடுத்து 'ரிமோட்-எஃப்எஸ்.டார்கெட்'டை மறுபடி தொடங்கினால் போதும், ரீபூட்கூட வேண்டாம். ரீபூட் செய்யாமல் சரியான கோளாறை எந்த மேலாளர் நம்புவார்?