கப்பற் பாலர் வகுப்பு விசாரம்

குழந்தைக்கு வயது எத்தனை என்னும் வினா எளிதாகத் தோன்றினும், அதனை முறைப்படி ஆராயப் புகுவோர்க்கு, வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைச் சுருக்கித் தன் பெயராகத் தரித்துக்கொண்ட விம்கோ நகரைப் போல் உகந்த க்ஷேத்திரம் பிறிதொன்று கிடைப்பது துர்லபம். இவ்வூர் மின்சார ரயிலில் 5 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் இல்லை. அதன்மேல் 12 வரை அரை டிக்கெட். 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்திலோ வயதை விசாரிப்பதே கிடையாது. உயரம் 90 சென்டிமீட்டருக்கு உட்பட்டதா என்பதொன்றே கேள்வி. ஆகவே, நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் மின்சார ரயிலிலிருந்து மடிக்குழந்தையாக இறங்கி, மெட்ரோ வாசலில் பூரணப் பிரயாணியாகப் பரிணமிக்கிறான். இவ்விரு சித்தாந்தங்களோடு பெற்றோர் வளர்த்த மூன்றாவதும் ஒன்றுண்டு: டிக்கெட் பரிசோதகர் முன்னிலையில் ஓராண்டு குறைவதும், எல்.கே.ஜி. சேர்க்கையின்போது ஓராண்டு கூடுவதும் பாலப் பருவத்தின் இயற்கை லக்ஷணங்களே என்பது அது. வயது குழந்தையிடத்தில் இல்லை, வாசலிடத்தில் இருக்கிறது என்பதே நமது துணிபு.

இத்துணிபைக் கடலிலும் சோதித்தல் தகும். துறைமுகத்தைச் சரக்குக்கும் அந்தமான் கப்பலுக்கும் உரிய இடமாகவே அறிந்திருந்த வடசென்னைவாசிகளுக்கு, 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய ‘எம்ப்ரஸ்’ என்னும் கார்டிலியா உல்லாசக் கப்பல், குடும்பத்தோடு கடலுக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் ஒரு பிரயாணமே என்று போதித்தது. இத்தகைய கப்பல்களில் பெற்றோர் இளைப்பாறும் பொருட்டுப் பிள்ளைகளைத் தனியே வைத்துப் பாலிக்கும் மன்றங்கள் உண்டு. அவற்றுள் அமெரிக்கக் கார்னிவல் கம்பெனியாரின் வகுப்புமுறை ஆராய்ச்சிக்கு மிக்க ரஸமானது: 2 முதல் 5 வரை பெங்குவின், 6 முதல் 8 வரை திருக்கை, 9 முதல் 11 வரை சுறா, அதன்மேல் 12–14, 15–17 என இரண்டு வகுப்புகள். காசிமேட்டு மீன் ஏலத்தில் வளர்ந்த பாட்டி ஒருத்தி, பேரன் சுறாவாகிவிட்டான் என்று கேள்வியுற்றால் முதலில் விலையையே விசாரிப்பாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவென்று புட்டு அவித்துக் கொடுக்கும் பதார்த்தத்தைப் பிள்ளைக்கே பட்டமாகச் சூட்டிய விவேகம் அவளுக்கு எளிதில் விளங்காது.

குழந்தையை வயதால் வகுக்கும் இத்துறையில் தமிழர் எவர்க்கும் பிந்தியவர் அல்லர். காப்பு, செங்கீரை, தாலம், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி முதலாகப் பிள்ளைத்தமிழ் வகுத்த பத்துப் பருவங்களும் மூன்றாம் திங்களில் தொடங்கி இருபத்தொன்றாம் திங்களில் முடிந்துவிடுகின்றன. அதாவது, நம் புலவர்கள் குழந்தையைத் தலையசைக்கச் செய்து, கை கொட்டச் செய்து, நிலவை விளையாட அழைத்து, சிறுதேரும் உருட்டவைத்துப் பாலப் பருவத்தையே பூர்த்தி செய்து முடித்த பின்னர்தான், இருபத்து நான்காம் திங்களில், கார்னிவல் கம்பெனியாரின் கதவு திறக்கிறது. ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கோ கப்பலிலேயே இடமில்லை. ஆதலால் செங்கீரைப் பருவத்தைக் கரையிலேயே கழித்தாக வேண்டும். பெண்மக்களுக்குப் பேதை 5 முதல் 7, பெதும்பை 8 முதல் 11 என்று இலக்கணிகள் இட்ட வரம்போடு ஒப்பிட்டால், எட்டு வயதுப் பெண் இலக்கணத்தில் மேல் வகுப்புக்கு ஏறிவிட்ட பின்னும் கப்பலில் இன்னும் திருக்கையாகவே இருந்து ஓராண்டு பின்தங்குகிறாள். இதைப் பற்றி ஒருவரும் ஆக்ஷேபம் தெரிவிக்காதது வியப்பே.

எனினும், உண்மையான சங்கடம் இவ்வரம்புகளில் இல்லை. ஒன்பது வயது அக்காளையும் ஐந்து வயதுத் தம்பியையும் இரு அறைகளில் பிரித்து வைத்து, இருவரையும் ஏககாலத்தில் அழவிடுவதில் இருக்கிறது. இதற்கு விம்கோ நகர்த் தெருப்பிள்ளைகள் எவருடைய ஆலோசனையுமின்றி ஒரு பரிகாரம் கண்டிருக்கிறார்கள். ஓடிப்பிடித்தோ கண்ணாமூச்சியோ ஆடும்போது, இடுப்பை விட்டு இறங்காத தம்பியை விலக்கவும் இயலாது, சேர்க்கவும் இயலாது என்ற நிலையில், அவனை ‘உப்புக்குச் சப்பாணி’ என்று அறிவித்துவிடுவார்கள். அவன் ஓடலாம், ஒளியலாம், கூச்சலிடலாம். பிடிபட்டால் மட்டும் அவுட் இல்லை. இந்தப் பதவிக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டாம், சென்டிமீட்டர் வேண்டாம். அக்காளின் வாய்ச்சொல் ஒன்றே அத்தாட்சி. பதவி எப்போது நீங்கும் என்பதற்கும் எழுதிய விதியில்லை. ஒரு நாள் அவனே, “நானும் அவுட்டு” என்று சண்டைக்கு வருவான், அன்று நீங்கும்.

ஆகையால் கப்பற் கம்பெனியார் பெங்குவினுக்கும் சுறாவுக்கும் நடுவே மற்றுமொரு மீனைத் தேடி அலையாமல், எந்த அறையிலும் அக்காளோடு நுழையும் உரிமையுள்ள சப்பாணி வகுப்பு ஒன்றை ஸ்தாபிப்பது உசிதம். அவ்வகுப்புக்குக் கட்டணம் முழுதா, அரையா என்பதைப் பொறுத்தமட்டில், பெற்றோர் தரப்புச் சித்தாந்தம் மேலே முன்னரே விளக்கப்பட்டது.