பழியை பிரேக் மேல் போடலாமா?

மலைப்பாதையில் கார் உருண்டாலே ‘பிரேக் பிடிக்காததால் விபத்து’ என்று எழுதிவிடுகிறார்களே? (ஊட்டி)

விபத்து நடந்த ஒரு மணி நேரத்தில் அது யாருக்கும் தெரிந்திருக்காது. காரில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனி வழிகளில் போகிறது. ஒன்றில் கசிந்தாலும் இன்னொன்று பிடிக்கும். அதனால் பிரேக் மொத்தமாகக் கைவிடுவது அபூர்வம். ஆனால், கல்லட்டி போன்ற சரிவில் மேல் கியரிலேயே இறங்கி, பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். தவறு வண்டியில் இல்லை, இறக்கிய விதத்தில். இதை எழுதினால் அடுத்த வாரம் சுற்றுலா வருபவர் கியரைக் குறைத்து இறங்குவார். ‘பிரேக் பழுது’ என்று முடித்துவிட்டால், ‘நம் கார் புதுசுதானே’ என்று தைரியமாக இறங்குவார்.

அப்படியானால் காரணத்தை யார்தான் சொல்வது? (கரூர்)

மோட்டார் வாகன ஆய்வாளர். விபத்துக்குள்ளான வண்டியைச் சோதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவு இடம் தருகிறது. இயந்திரக் கோளாறு உண்டா இல்லையா என்பது அவருடைய அறிக்கையில் வரும். அதுவரை நிருபர் கண்டதை எழுதலாம்: வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது, எதில் மோதியது, சாலையில் டயர் தடம் இருக்கிறதா. காரணம் தெரியவில்லை என்றால் ‘விசாரணை நடக்கிறது’ என்ற இரண்டு சொல் போதும். ஓட்டுநர் உயிரோடு இல்லாதபோது அவர் சார்பில் பேச யாருமில்லை. அச்சில் வந்ததைத்தான் ஊர் நம்பும்.

‘வெயிலில் காற்று விரிந்து டயர் வெடித்தது, கோடையில் காற்றைக் குறைத்து வையுங்கள்’ என்று படித்தேன். குறைக்கட்டுமா? (வேலூர்)

வேண்டவே வேண்டாம். இது உயிருக்கு உலை வைக்கும் யோசனை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிர்கிறது. அந்த நெளிவிலேயே சூடேறுகிறது. நெடுஞ்சாலையில் வேகமும் பாரமும் சேர்ந்தால் அந்தச் சூட்டில் கிழிந்துபோகும். ஓட்டுநர் கதவைத் திறந்தால், பக்கத்துத் தூணில் பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள அளவுதான் கணக்கு. காலையில், டயர் ஆறியிருக்கும்போது காற்றைப் பாருங்கள்.

‘ஏர்பேக் விரியாததால் பலி’ என்ற தலைப்பு சரியா? (மதுரை)

பல நேரங்களில் பாதிதான் சரி. முன்பக்க ஏர்பேக் முன்னால் மோதும் விபத்துக்கானது. பின்னாலிருந்து லாரி இடித்தால் அது விரியாமல் இருப்பது கோளாறு ஆகாது. அதைவிட முக்கியம், ஏர்பேக் சீட் பெல்ட்டுக்குத் துணை. பெல்ட்டுக்குப் பதில் அல்ல. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தபோது, பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் அணியவில்லை என்று போலீசார் தெரிவித்தனர். விபத்துச் செய்தியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பெல்ட் போட்டிருந்தார்களா? பின்சீட்டுக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம் என்பதைச் செய்திக்கு ஒரு முறை எழுதினாலும் தகும்.

‘95 கிலோவாட் பேட்டரி’ என்று மின்சாரக் கார் செய்தியில் வருகிறதே? (கோவை)

பேட்டரியின் அளவு கிலோவாட் ஹவர். மோட்டாரின் திறன் கிலோவாட். தண்ணீர்த் தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பது ஒன்று, குழாய் எவ்வளவு வேகமாகக் கொட்டும் என்பது வேறொன்று. 2020இல் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரில் பேட்டரி 30.2 கிலோவாட் ஹவர், மோட்டார் 95 கிலோவாட். மோட்டாரின் எண்ணைப் பேட்டரிக்குப் போட்டால், வாங்குபவர் மூன்று மடங்கு தூரம் ஓடும் என்று எதிர்பார்த்து ஏமாறுவார்.

2025இல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 11 சதவீதம் குறைந்தது. விலையும் 11 சதவீதம்தானே குறைய வேண்டும்? (சேலம்)

இல்லை. சிறிய பெட்ரோல் காருக்கு செஸ் சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி, செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. வரி கணக்கிடப்படுவது வரி சேர்க்காத விலை மீது. வரியோடு 10 லட்சமாக இருந்த கார் ஏறக்குறைய 9.15 லட்சமாகும். குறைவு 8.5 சதவீதம்தான். சிறிய கார் என்றால் ‘1,200 சி.சி.க்குள்’ என்று மட்டும் எழுதுவதும் பிழை. நீளமும் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. செய்தியை நம்பி ஷோரூமில் சண்டை போடுபவர் சாமானிய வாசகர்தான்.

‘10 ஆண்டு ஆன டீசல் கார்களுக்குத் தடை’ என்ற செய்தியால் அப்பா காரை விற்கத் துடிக்கிறார். (தஞ்சாவூர்)

விற்க வேண்டாம். அந்த 10 ஆண்டுக் கட்டுப்பாடு டெல்லியும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரமும் சம்பந்தப்பட்டது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். தலைப்பில் ‘டெல்லியில்’ என்ற ஒரு சொல் விட்டுப்போனால், இங்கே ஒரு குடும்பம் நல்ல காரைப் பாதி விலைக்குக் கொடுத்துவிடும்.

பிழையைச் சுட்டிக் கடிதம் எழுதினால் பலன் உண்டா? (நாகர்கோவில்)

உண்டு, எழுதுங்கள். தேதி, பக்கம், தவறான வரி, சரியான தகவல், அதற்கு ஆதாரம். நாலு வரி போதும். பிழை தெரிந்தால் உடனே திருத்தம் வெளியிட வேண்டும் என்பது இந்தியப் பிரஸ் கவுன்சிலின் நெறி. நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காவல் நிலைய எண்ணோடு ஊரிலுள்ள நல்ல மெக்கானிக் ஒருவரின் எண்ணையும் வைத்திருங்கள். அச்சுக்குப் போகும் முன் அவருக்கு ஒரு போன் போட்டால் இவற்றில் பாதிப் பிழை வராது.