சிங்கப்பூர் டெய்சியை அடக்கி ஆள எட்டு எளிய வழிகள்

இண்டூரில் கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே கொஞ்சம் செம்மண் மிஞ்சியிருந்து, அதில் ஒரு செம்பருத்தியும் இரண்டு குண்டுமல்லியும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கையேடு. தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கும் ஊர் இது. சாமந்தியும் குண்டுமல்லியும் விளைந்து சந்தைக்குப் போகிற மாவட்டம். பூ வளர்ப்பதைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சாமந்தியின் குடும்பத்திலேயே ஒரு மஞ்சள் பூக்காரி இருக்கிறாள். அவளை வளர்க்கப் பாடம் வேண்டாம், நிறுத்தத்தான் வேண்டும்.

நர்சரியில் 'வெடேலியா' என்பார்கள், 'சிங்கப்பூர் டெய்சி' என்பார்கள். பெயரில்தான் சிங்கப்பூர். பூர்வீகம் மெக்சிகோவும் கரீபியன் தீவுகளும் தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளும். தரையோடு தரையாகப் படரும், வருஷம் முழுக்கப் பூக்கும், வெயில் நிழல் என்று பார்க்காது, வாரக்கணக்கில் தண்ணீர் காட்டாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்று ஒகேனக்கல்லிலிருந்து குழாய் போட்டுக் குடிநீர் கொண்டுவந்த மாவட்டத்தில், அந்தத் தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்ற யாருக்கும் மனசு வராது. அப்படிப்பட்ட ஊருக்கு இது வரப்பிரசாதம்தான். பிரசாதத்தை எவ்வளவு வாங்குவது என்பதில்தான் சிக்கல்.

வழி 1: காசு கொடுத்து வாங்காதீர்கள்

இந்தச் செடியை விலைக்கு வாங்குபவர் அவசரக்காரர். கொஞ்சம் பொறுத்தால் தானாகவே கிடைக்கும். தெருவில் எந்த வீட்டு வாசலில் மஞ்சளாகத் தெரிகிறதோ அங்கே போய் நில்லுங்கள்.

"ஏங்க்கா, இந்த மஞ்சப் பூவுல ஒரு கொடி கிள்ளிக்கட்டுங்களா?"

"ஒண்ணு எதுக்கும்மா? கை நெறைய அள்ளிக்கிட்டுப் போ."

எதிர்வீட்டு அக்காவின் குரலில் உள்ள உற்சாகத்தைக் கவனியுங்கள். இதே அக்காவிடம் குண்டுமல்லிப் பதியன் கேட்டுப் பாருங்கள், "இப்ப கிள்ளினா செடி பட்டுப்போயிடும்மா, ஆடிக்கு அப்பறம் வா" என்பார். தாராளம் எங்கே பொங்குகிறதோ அங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வழி 2: நடவு

சாமந்தி என்றால் தொழுவுரம் போட வேண்டும், பக்கக்கன்று பார்த்துப் பிரித்து நட வேண்டும், நாலாவது வாரம் நுனி கிள்ள வேண்டும். அப்புறம் ஆயுதபூஜைக்கு விலை நிற்குமா என்று சாமியைக் கும்பிட வேண்டும். டெய்சிக்கு இவை எதுவும் தேவையில்லை. கொண்டுவந்த கொடியை மண்ணில் போட்டுவிட்டு, கை கழுவி, காப்பி குடிக்கப் போகலாம். தண்டில் கணுவுக்குக் கணு வேர்விடும் சுபாவம் அதற்கு. மண்ணைத் தொட்ட கணுவெல்லாம் புதுச் செடி. கொடி ஆறடி ஏழடி கூட நீளும் என்பதால், எங்கே நட்டீர்கள் என்ற கேள்விக்குச் சீக்கிரமே அர்த்தமில்லாமல் போய்விடும்.

வழி 3: ரசியுங்கள்

முதல் சில மாதங்கள் இதற்கே ஒதுக்கப்பட்டவை. ஸ்டேட்டஸில் படம் போடுங்கள். அப்படியே ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு இதழ்கள் தெரியும், ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னச் சின்னப் பல் வெட்டு. அவை இதழ்கள் அல்ல. ஒவ்வொன்றும் தனிப் பூ. நடுவில் உள்ள மஞ்சள் வட்டத்தை நகத்தால் பிரித்தால், குட்டிக் குட்டிக் குழாய்களாக இன்னும் ஒரு கூட்டம் உதிரும், அதுவும் பூக்கள்தான். சாமந்தி, சூரியகாந்தி, செண்டுமல்லி எல்லாம் இந்த வம்சம். ஒரே காம்பில் இத்தனை பேரைக் குடிவைத்திருப்பவள், உங்கள் தோட்டத்தில் மட்டும் அளவோடு நடந்துகொள்வாள் என்று நம்பலாம். நம்பிக்கைதானே வாழ்க்கை.

வழி 4: வெட்டிக் கட்டுப்படுத்துங்கள்

ஒருநாள் குண்டுமல்லி எங்கே என்று தேடுவீர்கள். கொடிகளை விலக்கினால் அடியில் மூச்சுமுட்டிக் கிடக்கும். உடனே வேகம் வரும், வர வேண்டும். அரிவாளை எடுத்துக் கண்டபடி கொத்துங்கள். கணு உள்ள துண்டு எதுவானாலும் துளிர்க்கும் என்பதால், சாயங்காலத்துக்குள் ஒரு செடியை முப்பதாக்கிய திருப்தி கிடைக்கும். கொத்த நேரமில்லாதவர்கள் மேலாக இழுத்துப் பறிக்கலாம். இலை கையோடு வரும், வேர் மண்ணோடு இருக்கும், மனசுக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

வழி 5: வெட்டியதை அப்புறப்படுத்துங்கள்

மிக முக்கியமான கட்டம் இது, கவனம் சிதறக் கூடாது. வெட்டிய கொடியைக் கட்டாகக் கட்டி, இருட்டியதும் மதில் தாண்டிப் பக்கத்துக் காலிமனையில் வீசுங்கள். மனைக்காரர் பெங்களூரில் இருப்பார், பொங்கலுக்குத்தான் வருவார். காலிமனை இல்லாதவர்கள் தெருச் சாக்கடை ஓரத்தில் போடலாம். ஐப்பசி மழையில் அது வாய்க்கால் பிடித்துப் போய், ஈரமான ஏதாவது ஒரு கரையில் குடியேறிக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தச் செடி விதையால் பரவுவது குறைவு. காற்றில் பறக்க அதன் விதைக்குப் பஞ்சும் கிடையாது. சொந்த முயற்சியில் அது போகும் தூரம் ஒரு கொடியின் நீளம்தான். மெக்சிகோவிலிருந்து இண்டூர் வரைக்கும் அதைக் கொண்டுவந்து சேர்த்தது மனிதக் கை. அழகுக்கு நட்ட கை, ஆசையாகக் கேட்ட கை, அன்பாகக் கொடுத்த கை, கடைசியில் இருட்டில் வீசிய கை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணத்தில் இதை விற்பது மட்டுமல்ல, இலவசமாகக் கொடுப்பதும் சட்டப்படி தப்பு. அந்தச் சட்டம் எழுதியவருக்கு எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்திருக்க வேண்டும்.

வழி 6: மருந்தாக்குங்கள் என்று யாராவது சொன்னால்

"இது மஞ்சள் கரிசலாங்கண்ணி, ஈரலுக்கு நல்லது, கடைஞ்சு சாப்பிடுங்க" என்று ஒரு பெரியவர் நிச்சயம் வருவார். இந்த இடத்தில் மட்டும் கேலியை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்பது நம் மண்ணின் மூலிகை, இதற்கு ஒன்றுவிட்ட தங்கை. வள்ளலார் உயர்த்திச் சொன்ன மூலிகைகளில் முதன்மையானது கரிசலாங்கண்ணி. பூ இரண்டிலும் மஞ்சள், இரண்டும் தரையில் படரும், அதனால் தோற்றத்தில் ஏமாறுவது சுலபம். இலையைப் பாருங்கள். மூலிகையின் இலை நீண்டு ஒடுங்கி, ஒரே நுனியோடு இருக்கும். டெய்சியின் இலை தடித்துப் பளபளக்கும், நடுவில் இருபுறமும் காது மாதிரி பிதுங்கி, பெரும்பாலும் மூன்று நுனியாகத் தெரியும். மூன்று நுனி தெரிந்தால் சட்டியில் போடாதீர்கள். ஆடு மாட்டுக்கும் போட வேண்டாம்.

வழி 7: உலக அரங்கில் பெருமைப்படுங்கள்

உலகின் மிக மோசமான அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று 100 பெயர்களைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியல் போட்டது. அதில் உங்கள் வாசற்படிச் செடியும் உண்டு. கூட யார் யார் தெரியுமா? ஆகாயத்தாமரை, உண்ணிச்செடி, சவுண்டல். அதோடு வெள்ளாடு, பூனை, மைனா. தெருவில் ஒரு நடை நடந்தால் பட்டியலில் பாதியைப் பார்த்துவிட்ட மாதிரி இருக்கும்.

ரொம்பவும் வெளிநாட்டைத் திட்ட வேண்டாம். சங்கப் பாட்டில் வாசம் வீசிய நம் குருக்கத்தியும் அதே பட்டியலில் இருக்கிறது. யாரோ ஆசைப்பட்டுக் கொண்டுபோய் மொரீஷியஸிலும் ரீயூனியன் தீவிலும் நட, அது அங்குள்ள காட்டு மரங்களின் மேல் ஏறி அமுக்கிவிட்டது. பிறந்த ஊரில் எந்தக் கொடியும் ரவுடி இல்லை. வண்டி ஏற்றி அனுப்புகிறவர் இல்லாவிட்டால் வெளியூரிலும் இல்லை.

வழி 8: வேறு வழியே இல்லாதபோது, உண்மையான வழி

முந்தின நாள் மண்ணை நனைத்து வையுங்கள். காலையில் களைக்கொத்தோடு உட்காருங்கள். கொடியின் நுனியைப் பிடித்து இழுக்காமல், கணு கணுவாக வேரைக் கெல்லிக்கொண்டே தாய்த்தூர் வரை போங்கள். விரல் நீளத் துண்டுகூடக் கீழே விழக் கூடாது, எல்லாம் சிமெண்டுச் சாக்குக்குள் போக வேண்டும். சாக்கை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ச் சிமெண்டுத் தளத்தில் பரப்பி, சித்திரை வெயிலில் கையில் எடுத்தால் நொறுங்கும் வரை காயவிடுங்கள். பச்சையாக உரக்குழியில் போட்டால், அங்கே சத்தான சாப்பாடு போட்டு வளர்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

இடம் கொஞ்சம் பெரிதென்றால் ஒட்ட வெட்டிவிட்டு, வெளிச்சம் புகாத பழைய ஃபிளெக்ஸ் பேனரை இரண்டு மூன்று மாதம் விரித்து ஓரத்தில் கல் வையுங்கள். நம் ஊரில் ஃபிளெக்ஸுக்குப் பஞ்சமில்லை. காதுகுத்து பேனர் உத்தமம். கட்சி பேனர் என்றால் முகம் மேலே இருக்கட்டும், கீழே போட்டால் வேறு பிரச்சினை வரும்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மழை பெய்த மூன்றாம் நாள் கட்டாயம் பாருங்கள். விட்டுப்போன கணு ஒன்றாவது தலை காட்டும். பூ மேல் ஆசை விடாதவர்கள் ஒரே ஒரு கொடியைத் தொங்கும் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். நுனி தரையைத் தொடுவதற்குள் கத்தரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்த்தீனியத்துக்கு உப்புக் கரைசல் அடிக்கிறார்களே, இதற்கும் அடிக்கலாமா?

லிட்டருக்கு 200 கிராம் உப்பு என்பது ரோட்டோரத்துப் பார்த்தீனியத்துக்குச் சொல்லும் கணக்கு. சிங்கப்பூர் டெய்சி கடற்கரை மணலில் உப்புக் காற்று வாங்கி வளரக்கூடியது. உங்கள் கல்லுப்பு பாக்கெட்டைப் பார்த்து அது மிரளாது. மிரளப்போவது பக்கத்தில் நிற்கும் குண்டுமல்லி.

வண்டு விட்டால் என்ன?

பார்த்தீனியத்தைத் தின்ன மெக்சிகோ வண்டை 1984இல் பெங்களூரில் விட்டது உண்மை. பிறகு அது சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று பெரிய சர்ச்சை கிளம்பியதும் உண்மை. கொடி அடக்க வண்டு, வண்டு அடக்க வேறொன்று என்று போனால் நாலடித் தோட்டத்தில் மிருகக்காட்சி சாலைதான் நடத்த வேண்டும்.

புல்வெளி ஓரத்தில் தானாக முளைக்கும் தலைவெட்டிப்பூவும் டெய்சிதானா?

அதே குடும்பம்தான், அதுவும் அமெரிக்கக் கண்டத்து வரவுதான். 'தாத்தா தாத்தா' என்று பாடிக் கட்டைவிரலால் தலையைச் சுண்டிவிடும் பிள்ளைகள் தெருவில் இருக்கிற வரைக்கும் அதற்குத் தனிக் கையேடு வேண்டாம்.

டெய்சியை எடுத்த இடத்தில் என்ன வைக்கலாம்?

சாமந்தி வைக்கலாம், கனகாம்பரம் வைக்கலாம், ஒரு வரிசை கீரைகூடப் போடலாம். யாராவது சிரித்த முகத்தோடு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து இலவசமாக நீட்டுகிற செடியைத் தவிர, எதை வேண்டுமானாலும் வைக்கலாம்.