வித்தியாசம் பார்க்காத மனுஷர்

புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் எங்கள் மேனேஜர் சொல்லும் முதல் வாக்கியம்: "எனக்கு வித்தியாசமே கிடையாதுப்பா. எல்லாரும் ஒண்ணுதான்." இரண்டாவது வாக்கியம்: "ஆமா, சொந்த ஊரு எது?"

"மதுரை சார்."

"மதுரை டவுனா?"

"மேலூர் பக்கம்."

"மேலூர்ல?"

கிராமத்தின் பெயர் வரும். அப்புறம் கோயிலுக்கு மேற்கா கிழக்கா, குலசாமி எது என்று ஜிபிஎஸ் தோற்றுப்போகிற அளவுக்கு நெருங்கிவிடுவார். முதுகைத் தட்டுகிற சாக்கில் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் பழைய பாணியெல்லாம் இல்லை, நவீன ஆள். போன மாதம் சேர்ந்த பையன் மட்டும் பணிவாகக் கேட்டான்: "சார், ரேஷன் கார்டைக் கொண்டாந்துடட்டுமா?" ஆராய்ச்சி அன்றைக்குப் பாதியில் நின்றது.

மைக்ரோவேவுக்கு மேலே 'மீன் சூடு பண்ணக் கூடாது' என்று நோட்டீஸ் ஒட்டியவரும் இவர்தான். "எல்லாருக்கும் பொதுவான விதிதானே?" என்பார். விதி பொதுதான். மீன்தான் எல்லார் டப்பாவிலும் இல்லை.

பெண்கள் மேல் அவருக்கு அபார இரக்கம். அந்த இரக்கத்தால் பதவி உயர்வை இழந்தவர்கள் எங்கள் மாடியில் மட்டும் மூன்று பேர். "ஹைதராபாத் புராஜெக்டா? பாவம், அந்தப் பொண்ணுக்கு இப்பதான் கல்யாணம் ஆகியிருக்கு" என்பார். அந்தப் பொண்ணோ பெட்டியைக் கட்டிவைத்துக் காத்திருப்பாள். 2017-ல் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியதைத் தனக்கு எதிரான சதியாகவே எடுத்துக்கொண்டார். விடுப்பில் இருப்பவளின் பணி நிபந்தனைகளை அவளுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்பது 1961-லிருந்தே சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவர் புரட்டியதில்லை.

அதைப் புரட்டியவள் ஒருத்தி விடுப்பு முடிந்து திரும்பி வந்தாள். அவள் பார்த்த டீம் லீடர் வேலை அதற்குள் ஜூனியர் பையனிடம் போயிருந்தது. "உன் நல்லதுக்குத்தாம்மா. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எப்படிச் சமாளிப்ப?" என்றார். அழுவாள் என்று எதிர்பார்த்து டிஷ்யூ பெட்டியைக்கூட நகர்த்தி வைத்திருந்தார். அவள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். தேதி, மணி, சொன்ன வார்த்தை என்று வரிசையாக எழுதினாள். 'உடனிருந்தவர்' என்ற இடத்தில் என் பெயர் விழுந்தது. நான் பிரிண்டரில் எதையோ தேடுவதுபோல நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பற்றியும் யாராவது ஒரு சொற்சித்திரம் எழுதலாம்.

"சார், இப்ப சொன்னதையே ஒரு மெயில்ல போட்டுடுங்க. எச்ஆருக்கும் ஒரு காப்பி."

"நாமெல்லாம் ஒரே குடும்பம். மெயில் எதுக்கும்மா?"

"குடும்பத்துலயும் சொத்து பிரிச்சா பத்திரம் எழுதறோமே சார்."

அடுத்த ஒரு மணி நேரம் அவர் பட்ட பாட்டை நான் பின்னாலிருந்து பார்த்தேன். 'தங்கள் குழந்தையின் நலன் கருதி' என்று அடித்தார், அழித்தார். 'நிர்வாகக் காரணங்களால்' என்று அடித்தார். என்ன காரணம் என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும், அதையும் அழித்தார். வாயில் வெண்ணெயாக வழுக்கி வந்த வார்த்தை விரலுக்கு வரமாட்டேன் என்றது. பக்கத்தில் வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

ஐந்தரை மணிக்கு மெயில் போயிற்று. டீம் லீடர் பொறுப்பில் அவளே தொடர்வாள். இடையில் செய்த ஏற்பாடு தற்காலிகமானது. ஜூனியர் பையனுக்கே அது அப்போதுதான் தெரியும்.

மேனேஜர் எழுந்து அவள் மேசைப் பக்கம் போனார். கோபமெல்லாம் இல்லை, முகத்தில் நிஜமான வியப்பு.

"பரவால்லையேம்மா, இவ்வளவு விவரமா இருக்கே..." என்று குரலைத் தாழ்த்தினார். "ஆமா, உங்க வீட்டுக்காரருக்கு எந்த ஊரு?"