ரேஸ்கோர்ஸ் கணக்குப்பிள்ளை

கலோரிக் கணக்குப்பிள்ளை கோவை வட்டாரத்தில் அண்மைக்காலமாகப் பெருகியிருக்கும் ஒரு மனித வகை. காலை ஐந்தரை மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் ரேஸ்கோர்ஸ் நடைபாதையிலும், இரவு ஏழு மணிக்குமேல் ஏதாவதொரு தள்ளுவண்டிக் கடையின் வெளிச்சத்திலும் இவரைப் பார்க்கலாம். இரண்டு இடத்திலும் நிற்பவர் ஒரே ஆள்தான் என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. காலையில் ட்ராக் பேண்ட், ஷூ, முகத்தில் வைராக்கியம். இரவில் கைலி, செருப்பு, முகத்தில் சாந்தம். மாறாதது இடது மணிக்கட்டில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் மட்டும்.

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தொழில் ஃபவுண்டரியாகவோ, பம்ப்செட் பட்டறையாகவோ, மில்லுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஒர்க்‌ஷாப்பாகவோ இருக்கும். இல்லையென்றால் இம்மூன்றுக்கும் வரவுசெலவு பார்க்கிற ஆடிட்டர் ஆபீஸாக இருக்கும். எதுவானாலும் கணக்கு இவருக்குக் கைவந்த கலை. அப்படிப்பட்டவரிடம் மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டைக் காட்டி, "எண்ணெயைக் குறைங்க, தினமும் நடங்க" என்று டாக்டர் சொல்கிற நாளில் இந்த வகை பிறக்கிறது. டாக்டர் சொன்னது இரண்டு விஷயம். இவர் காதில் விழுவது ஒன்றே ஒன்று: நடந்துவிட்டால் எண்ணெயைக் குறைக்க வேண்டியதில்லை. தின்பதைப் பற்றில் எழுதி, நடப்பதை வரவில் வைத்தால் ஐந்தொகை நேராகிவிடும் என்பது இவருடைய சித்தாந்தம்.

கணக்கின் அலகு கலோரி. ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்றுவதற்குத் தேவையான ஆற்றல் அது. அறிவியலில் கிலோகலோரி என்பதைச் சாப்பாட்டு உலகம் கலோரி என்று சுருக்கிக்கொண்டது. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் ஆட்வாட்டர். கணக்குப்பிள்ளை இதைத் தம்மூர் அலகுக்கு மாற்றி வைத்திருப்பார். ஒரு யூனிட் கரண்ட் என்பது 860 கலோரி. ஒரு ஹெச்.பி. மோட்டார் முழுத் திறனில் ஒரு மணி நேரம் செய்கிற வேலை 640 கலோரி. "இந்த பிரியாணில ஒரு ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் தண்ணி எறைக்குமுங்க" என்று பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். சொல்லிவிட்டு இலையை மூடிவிடுவார் என்று நினைக்கக் கூடாது. இன்னொரு கரண்டி கேட்பார்.

இந்தக் கணக்குக்கும் இந்த வட்டாரத்துக்கும் பழைய உறவு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வரும் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918இல் பெரிபெரி நோயை ஆராய ஒரு பிரிவைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்திய உணவுப்பண்டங்களில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலை, மெக்காரிசனுக்குப் பின் அங்கே இயக்குநராக இருந்த எய்க்ராய்டு 1937இல் வெளியிட்டதும் குன்னூரிலிருந்துதான். அரிசி, ராகி, தட்டைப்பயறு எல்லாம் அந்தப் பட்டியலில் ஏறின. மக்களுக்குச் சோறு போதவில்லையே என்ற கவலையில் போட்ட பட்டியல் அது. அடிவாரத்துக்காரர்கள் அதே பட்டியலை வைத்துக்கொண்டு மிஞ்சிப்போனதை எப்படிக் கழிப்பது என்று பார்க்கிறார்கள்.

மெக்காரிசன் குன்னூரில் வேலையைத் தொடங்கிய அதே 1918இல், அமெரிக்காவில் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் ஒரு புத்தகம் போட்டார். இனி ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், நூறு கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்பது அவர் உபதேசம். கணக்குப்பிள்ளை அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் பேக்கரியில் அவர் டீ சொல்கிற பாணி அதுதான். பால் நூறு மில்லிக்கு 65, இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்கு 40, ஆகமொத்தம் 105 என்று மாஸ்டருக்குக் கேட்கும்படி முணுமுணுப்பார். மாஸ்டர் ஆற்றிக் கொடுத்துவிட்டு, "அண்ணா, இருவது ரூபாய்ங்க" என்பார்.

நடையின் வரவுக்கு வருவோம். ரேஸ்கோர்ஸ் சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு சுற்றுப் போனால் ஒரு மணி நேரம் ஆகும். ஏறக்குறைய 245 கலோரி செலவாகும். வாட்ச்சும் அதைத்தான் காட்டும். ஆனால் அதே ஆள் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாலும் உடம்பு தன்பாட்டுக்கு 70 கலோரியை எரித்திருக்கும். அதைக் கழித்தால் நடையின் நிகர வரவு 175தான். மொத்த வரவு எது, நிகர வரவு எது என்ற வித்தியாசத்தைப் பற்றி ஜி.எஸ்.டி. ஆபீசில் மணிக்கணக்கில் வாதாடக்கூடிய மனிதர், இந்த ஒரு இடத்தில் மட்டும் மொத்தத்தையே நிகரமாக எடுத்துக்கொள்கிறார். படுத்துக்கிடந்ததற்கும் சேர்த்துக் கூலி வாங்குகிற சாமர்த்தியம் இது.

பற்றுப் பக்கத்தில் கதை நேரெதிர். ஒரு பரோட்டாவுக்கு 60 கிராம் மைதா, 8 கிராம் எண்ணெய் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் 280 கலோரி ஆகிறது. இரண்டு பரோட்டாவுக்கு 560. நிகரக் கணக்கில் இதைத் தீர்க்க மூன்று மணி நேரத்துக்குமேல், பதினாறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். காந்திபுரத்தில் கை கழுவிவிட்டுக் கிளம்பினால் பேரூர் பட்டீசுவரரைக் கும்பிட்டு நடந்தே திரும்பி வர வேண்டிய தூரம். இதில் சால்னா சேரவில்லை. கணக்குப்பிள்ளையின் ஏட்டில் சால்னா எப்போதும் சேராது. அது தொட்டுக்கொள்வது, தொட்டுக்கொள்வதற்கெல்லாம் கணக்கு உண்டா என்ன? தேங்காய்ச் சட்னி, ஆம்லெட்டுக்குக் கூட வந்த வெங்காயம், மகன் தட்டில் மீதம் வைத்த பப்ஸ் ஓரம், கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் எல்லாம் இதே இனம்.

இவரை நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் காளான் வண்டிதான் இடம். கோவைக் காளான் என்பது பேருக்குத்தான் காளான்; அதில் முட்டைக்கோஸ் பாதிக்குமேல். கோஸையும் கொஞ்சம் காளானையும் மைதா, சோளமாவில் பிசைந்து முதலில் எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். பொரித்ததை அகலக் கல்லில் குவித்து, குழம்பு ஊற்றி, தோசைக் கரண்டியால் டக்டக்கென்று கொத்திக் கூழாக்கி, மேலே வெங்காயம், கொத்தமல்லி, நொறுக்கின சிப்ஸ் தூவித் தட்டில் வழித்துப் போடுவார்கள். கணக்குப்பிள்ளை வண்டிக்கு முன்னால் வந்து நின்று, வாட்ச்சை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

"தம்பி, எண்ணெய் கம்மியாப் போட்டு ஒரு பிளேட் குடுங்க."

"இப்ப எண்ணெயே ஊத்தறதில்லீங்கண்ணா. எல்லாம் அதுக்குள்ளயே இருக்குதுங்க."

"காளானுக்குக் கலோரி ரொம்பக் கம்மி, தெரியுமில்ல?"

"அப்படீங்களாண்ணா? அப்ப ரெண்டு பிளேட்டாப் போட்டறட்டுங்களா?"

பச்சைக் காளானுக்கும் பச்சைக் கோஸுக்கும் கலோரி கம்மி என்பது சத்தியம். நூறு கிராமுக்கு முப்பதைத் தாண்டாது. பொரிக்கும்போது அது குடித்த எண்ணெய்தான் கிராமுக்கு 9 வீதம் பேசும். அது எத்தனை கிராம் என்று வண்டிக்காரருக்கே தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற சட்டமும் இல்லை. பத்து அல்லது அதற்குமேல் கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியை எழுதிப் போட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதி 2022இல் நடைமுறைக்கு வந்தது. மாலில் இருக்கும் பர்கர் கடைக்கு அது பொருந்தும், தள்ளுவண்டிக்குப் பொருந்தாது. கணக்குப்பிள்ளை பர்கர் கடையை வெறுத்து வண்டியை ஆதரிப்பதற்கு நாட்டுப்பற்று ஒரு காரணம் என்பார். எண்ணை எழுதி ஒட்டிய கடையில் மனசுக்குப் பட்ட எண்ணை ஏட்டில் ஏற்ற முடியாது என்பது சொல்லாத காரணம்.

இங்கிலாந்தில் ஒரு படி மேலே போனார்கள். பண்டத்தின் உறையில் கலோரியோடு, அதைக் கரைக்க எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்பதையும் அச்சிட வேண்டும் என்று அந்நாட்டின் ராயல் சொசைட்டி ஃபார் பப்ளிக் ஹெல்த் 2016இல் யோசனை சொன்னது. ஒரு டின் குளிர்பானத்துக்கு 26 நிமிட நடை என்பது அவர்கள் கொடுத்த உதாரணம். படித்தவர் பயந்து கீழே வைத்துவிடுவார் என்பது எதிர்பார்ப்பு. கொங்கு நாட்டில் அது வேறு மாதிரி வேலை செய்யும் என்று அடித்துச் சொல்லலாம். "வெறும் இருவத்தாறு நிமிசந்தானுங்களா?" என்று கேட்டு மூடியைத் திறந்துவிடுவார். விலை தெரிந்துவிட்டால் வியாபாரம் படிந்த மாதிரி.

பத்தாயிரம் அடி என்பது இவருடைய இன்னொரு விரதம். இரவு பத்தரை மணிக்கு வாட்ச் 9,400 காட்டினால், மீதி அறுநூறை ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் இடையே நடந்து தீர்ப்பார். சமையல்கட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் மிக்சர் டப்பா கைக்கு எட்டுகிறது என்பது தனி விஷயம். அந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவ நூலிலிருந்தும் வந்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானியக் கம்பெனி ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. இதை இவரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார். அடிகளில் பாதி கையை ஆட்டியதால் விழுந்தவை என்று சொன்னால் இன்னும் அதிகமாக.

கிருத்திகைக்கு மருதமலை ஏறுவது இவருக்குப் பெரிய வரவு. பஸ்ஸிலோ காரிலோ மேலே போகாமல் எண்ணூற்றுச் சொச்சம் படியையும் ஏறிவிட்டு, அன்றைக்கு முழுவதும் வாய்க்கட்டை அவிழ்த்துவிடுவார். முருகன் அருளைக் கணக்கில் சேர்க்காமல் இயற்பியலை மட்டும் வைத்துப் பார்த்தால், 70 கிலோ உடம்பை அந்த உயரத்துக்குத் தூக்க ஆகும் செலவு நூறு கலோரி அளவில்தான் வரும். இறங்குவதற்கு அதிலும் குறைவு. இரண்டு கை பஞ்சாமிர்தம் வாங்கி நக்கினால் ஏறின படியெல்லாம் சமம். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறுபவர்கள் வேறு சாதி. அவர்கள் நிஜமாகவே எரிக்கிறார்கள், இறங்கியதும் நாலு நாளைக்குப் படுக்கையைவிட்டு எழுவதில்லை. ஆண்டுதோறும் நடக்கும் கோயம்புத்தூர் மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓடி முடிப்பவருக்கு 1,400 கலோரிக்குமேல் செலவாகும். அது நேர்மையான வரவு. கணக்குப்பிள்ளை அந்த மாரத்தானில் சிறிய தூரப் பிரிவில் சேர்ந்து, பனியனை வாங்கி, அதை ஒரு வருடம் போட்டுக்கொண்டு நடப்பார்.

வீட்டில் இவருக்கு ஒரு தணிக்கையாளர் உண்டு. அம்மணி அவினாசிலிங்கம் கல்லூரியில் மனையியல் படித்தவராக இருந்துவிட்டால் ஏடு தேறாது. முதல்வர் ராஜம்மாள் தேவதாஸ் காலத்திலிருந்து சத்துணவுப் படிப்புக்குப் பேர்போன கல்லூரி அது. "நடந்துட்டு வந்து என்னுங்க சாப்புட்டீங்க?" என்று அவர் கேட்பதே விசாரணை. அருகம்புல் ஜூஸ், முளைகட்டின பயறு என்று இவர் பட்டியல் கொடுப்பார். சட்டைப் பையில் தேங்காய் பன் துகள் இருக்கும்.

இந்தச் சித்தாந்தத்தின் அடிமடியிலேயே ஒரு கோளாறு உண்டு என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். ஹெர்மன் பான்ட்சர் குழு 2012இல் தான்சானியாவின் ஹட்சா வேடர்களை அளந்து பார்த்தது. வேட்டைக்கும் கிழங்குக்கும் தினமும் காடு சுற்றுகிற அவர்கள் ஒரு நாளில் எரிக்கும் கலோரி, உடல் அளவைச் சரிசெய்து ஒப்பிட்டால், அமெரிக்காவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் அளவேதான் வந்தது. நடையில் போனதை உடம்பு வேறெங்கோ சிக்கனம் பிடித்துச் சரிக்கட்டிக்கொள்கிறது என்பது பான்ட்சர் தரும் விளக்கம். நடையால் இருதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் நன்மை உண்டு, அதில் சந்தேகம் இல்லை. பரோட்டாவுக்கு ரசீது மட்டும் கிடைக்காது. கணக்குப்பிள்ளையின் எடை ஐந்து வருடமாக ஒரே இடத்தில் நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். சால்னா இன்னொரு காரணம்.

வட்டார வேறுபாடுகள் சில உண்டு. திருப்பூர்க்காரருக்கு நடக்க நேரமில்லை. பனியன் கம்பெனிக்குள் மாடி ஏறி இறங்குவதையே வரவு வைத்து, இரவு ஷிப்ட் முடிந்ததும் ஃப்ரைடு ரைஸில் செலவு எழுதுகிறார். ஈரோட்டுக்காரர் பள்ளிபாளையம் சிக்கனில் தேங்காய்ச் சில்லைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு அதற்கு ஐம்பது கலோரி தள்ளுபடி கேட்கிறார். பொள்ளாச்சிக்காரர் ரேஸ்கோர்ஸ்காரர்களைப் பார்த்துச் சிரிப்பார். தினமும் காலையும் மாலையும் தென்னந்தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவதால் தமக்குத் தனியாக வாக்கிங் எதற்கு என்று கேட்பார். சுற்றி வருவது டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில்.