மலை ஃபெயில், மாணவர் பாஸ்

மின் பொறியியலில் டாக்டர் பட்டம் என்பது ஒரு காலத்தில் கல்யாணத்துக்கு முன்னால் முடித்துவிடுகிற வேலையாக இருந்தது. 1916இல் வன்னெவர் புஷ் என்ற அமெரிக்கர், ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து கொடுத்த பட்டத்தை ஒரு வருடத்துக்குள் வாங்கிக்கொண்டு போனார். வழிகாட்டி ஆர்தர் கென்னலி லேசுப்பட்ட ஆள் இல்லை. எடிசனிடம் வேலை பார்த்தவர். வானத்தில் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புகிற அடுக்குக்கே அவர் பெயரை வைத்திருந்தார்கள். அவர், இன்னும் கொஞ்சம் எழுதிக்கொண்டு வா என்றார். புஷ் மாட்டேன் என்றார். பெண் காத்திருக்கிறாள். கடைசியில் துறைத் தலைவர் நடுவில் புகுந்து பையனைக் கரையேற்றிவிட்டார். வழிகாட்டி இருமினாலே ஒரு அத்தியாயம் கூடுதலாக எழுதிவிடுகிற நம்மூர் பிள்ளைகள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை வாசிக்கலாம்.

எங்கள் தேனி மாவட்டத்தில் கதை வேறு. இங்கே மின்சாரம் சம்பந்தப்பட்ட எந்தத் திட்டமும் முதல் தடவையில் பாஸ் ஆனதாகச் சரித்திரம் இல்லை.

முல்லைப்பெரியாற்றையே பாருங்கள். 1886இல் திருவிதாங்கூர் மகாராஜாவிடம் 999 வருடத்துக்குக் குத்தகை எழுதி வாங்கினார்கள். 1895இல் என்ஜினீயர் பென்னிகுக் அணையைக் கட்டி முடித்தார். தண்ணீர் மலையைக் குடைந்து வந்து கம்பம் பள்ளத்தாக்கில் விழுந்தது. இவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரைப் பார்த்தால் எட்டாம் வகுப்புப் பையனுக்கும் டர்பைன் ஞாபகம் வரும். மதராஸ் சர்க்காருக்கும் வந்தது. திருவிதாங்கூர் விடவில்லை. பாசனத்துக்குத்தான் தண்ணீர் கொடுத்தோம், பல்பு எரிக்க இல்லை என்றது. வழக்கு மத்தியஸ்தத்துக்குப் போனது. 1941இல் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி, திருவிதாங்கூர் சொல்வதே சரி என்று தீர்ப்புச் சொன்னார். நெல்லுக்குப் பாய்கிற தண்ணீர் போகிற வழியில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போனால் நெல்லுக்கு என்ன குறைந்துவிடும் என்று கம்பத்துக்காரர்கள் கேட்டிருப்பார்கள். அவர்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. லோயர் கேம்ப்பில் மின்நிலையம் வர 1950களின் கடைசி ஆயிற்று. மின்சாரத்துக்கு இவ்வளவு பணம் என்று கேரளாவோடு எழுதிக் கையெழுத்துப் போட 1970 ஆயிற்று. அணை கட்டி 75 வருடம்.

இதெல்லாம் நடந்தது மலைக்கு அந்தப் பக்கம். மயிலாடும்பாறை இந்தப் பக்கம். மேகமலைக்குக் கிழக்கே, மூல வைகையை வைத்துக்கொண்டு, அதில் தண்ணீர் வந்தால் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஊர் எங்களுடையது. இலவம் பஞ்சுக்குப் பேர்போன கடமலை-மயிலை ஒன்றியத்தில் உலகப் பௌதிகத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு சமயம் அது எங்கள் மலைவரை வந்துவிட்டுத்தான் போனது.

அந்தப் பௌதிகத்தின் பெயர் நியூட்ரினோ. சூரியனிலிருந்து மட்டும் விநாடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் உங்கள் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் போய்க்கொண்டிருக்கின்றன. ராத்திரியில் பூமியைத் துளைத்துக்கொண்டு கீழேயிருந்து மேலே வரும். யாரையும் எதையும் தொடாது. தொட்டால்தானே பிடிக்க முடியும்? எப்போதாவது ஒன்று தப்பித் தவறி இடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்க வேண்டுமானால் வானத்திலிருந்து கொட்டுகிற மற்ற துகள்களின் இரைச்சலைத் தடுக்கத் தலைக்கு மேல் ஒரு மலை வேண்டும்.

இந்த வித்தையில் இந்தியா முன்னோடி. 1951இலேயே ஹோமி பாபா சொன்னார் என்று பி.வி.ஸ்ரீகண்டன் கைகர் கவுண்டர்களைத் தூக்கிக்கொண்டு கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினார். அவர் படித்தது வயர்லெஸ். வானொலிக்குப் படித்தவனைப் பாதாளத்துக்கு அனுப்புவதுதான் உயர்கல்வி. அந்த வேலையே அவருக்கு முனைவர் ஆய்வாகி, பின்னால் டாடா ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் நாற்காலிவரை கொண்டுபோனது. 1965இல் அதே கோலாரில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றுமண்டல நியூட்ரினோவை உலகிலேயே முதன்முதலாகப் பிடித்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். பிறகு தங்கம் கட்டுப்படியாகவில்லை, சுரங்கத்தை மூடினார்கள். தங்கத்தோடு நியூட்ரினோவும் போயிற்று.

2002இல் மலைக்குள் ஒரு நியூட்ரினோ ஆய்வகம் கட்ட மறுபடி ஆசை வந்தது. நீலகிரியில் சிங்காராவைப் பார்த்தார்கள். பைக்காரா நீர்மின் திட்டத்துக்காக அங்கே ஏற்கெனவே மலையைக் குடைந்திருந்தார்கள். பாறை நல்ல பாறை. ஆனால் வழி யானையுடையது, பக்கத்தில் முதுமலைப் புலிகள். 2009இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் முடியாது என்று சொல்லிவிட்டு, சுருளிப் பக்கம் பாருங்களேன் என்று கை காட்டினார். சுருளிக்கு முதுகு மேகமலை, மேகமலைக்கு முதுகு நாங்கள். சுருளியிலும் அடர்ந்த காடு. ஆகவே பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ச்சாரியில் பொட்டிப்புரம், அம்பரப்பர் மலை என்று முடிவாயிற்று. எங்களுக்குக் கிடைக்க வேண்டிய போராட்டம், உண்ணாவிரதம், டி.வி. கேமரா எல்லாம் பொட்டிப்புரத்துக்குப் போய்விட்டன.

இதில் பெரிய கூத்து, 2008இலேயே பி.எச்டி. மாணவர்களைச் சேர்த்துவிட்டார்கள். ஆய்வகம் எந்த மாவட்டம் என்று தெரியாது. ஆய்வு மாணவர் ரெடி. மும்பையில் பாடம், ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் பட்டம்.

அவர்கள் கட்ட நினைத்த சாமான், பேருக்குப் பௌதிகம். திறந்து பார்த்தால் முழுக்க எலெக்ட்ரிக்கலும் எலெக்ட்ரானிக்ஸும்தான். 50,000 டன் இரும்பு, தகடு தகடாக அடுக்கி, செம்புக் கம்பி சுற்றிக் காந்தமாக்குவது. தகடுகளுக்கு நடுவே ஏறத்தாழ 30,000 கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் வாயு, குறுக்கே 10,000 வோல்ட். வாயு என்றால் ஏதோ ரகசிய ரசாயனம் என்று பயப்பட வேண்டாம். பெரும்பங்கு கார் ஏ.சி.யில் அடைக்கிற கேஸ். கூடவே சமையல் கேஸின் பங்காளி ஒன்று. சிட்டிகை அளவுக்கு, சப்-ஸ்டேஷன் பிரேக்கரில் அடைக்கிற எஸ்.எஃப்.6. மின்னூட்டமுள்ள துகள் குறுக்கே போனால் உள்ளே ஒரு பொறி. அது எந்த இடம், எந்த நானோவிநாடி என்று குறித்துக்கொள்ள 35 லட்சத்துக்கும் மேல் சிக்னல் வழிகள். காந்தத்தில் துகள் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தால் வந்தது நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா என்று தெரியும். அதிலிருந்து மூன்று வகை நியூட்ரினோவில் எது கனம், எது லேசு என்ற உலகக் கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

பொட்டிப்புரத்தில் கேட்டது வேறு கேள்வி. வெடி வைத்தால் கிணற்று ஊற்று என்ன ஆகும்? குடைந்த கல்லை எங்கே கொட்டுவீர்கள்? தூசி தென்னையில் படியுமா? நியாயமான கேள்விகள். விஞ்ஞானிகளோ கூட்டத்துக்குக் கூட்டம், நியூட்ரினோ ஒன்றும் செய்யாது என்று நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த்தரப்பில் சிலர் நியூட்ரினோவை நியூட்ரான் குண்டுக்குச் சித்தப்பா பையனாக்கி ஊர் ஊராகப் பயமுறுத்தினார்கள். கிணறு பாட்டுக்கு நடுவில் கிடந்தது. பாறைக்குள் துளையிட ஐந்து ஆண்டுத் திட்டம் போட்டவர்கள் டீக்கடைக்கு ஐந்து மாதம் ஒதுக்கியிருந்தால் பாதி தகராறு வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மார்ச்சில் வைகோ தொடுத்த வழக்கில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை நிறுத்தி வைத்தது. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம், மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறதே என்று சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தியது. ஒரு கூகுள் மேப் விவகாரம், அனுமதி கொடுத்து ஆறு வருடம் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டது. 2018இல் விசேஷ அனுமதி. அப்புறம் வனவிலங்கு வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்றார்கள். 2022இல் தமிழ்நாடு அரசு, புலிகள் நடமாடுகிற வழி, வேண்டவே வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

அதே 2022இல்தான் சட்டமன்றத்தில் முதல்வர், மயிலாடும்பாறையில் 4,200 ஆண்டுக்கு முந்தைய இரும்பு கிடைத்தது என்று அறிவித்தார். எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அது கிருஷ்ணகிரி மயிலாடும்பாறை. ஆக பழைய இரும்பு பேர் ஒத்த ஊருக்கு, புது இரும்பு எவனுக்கும் இல்லை.

பாவம் அந்த மாணவர்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் பாஸ். கண்ணாடிப் பெட்டிக்கு மின்னழுத்தம் ஏற்றிப் பார்த்தும், சிக்னல் சர்க்யூட் வடிவமைத்தும், கட்டாத கருவிக்குள் வராத நியூட்ரினோவைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டும் ஆய்வேடு எழுதினார்கள், டாக்டர் ஆனார்கள். மதுரைப் பக்கம் 85 டன்னில் ஒரு மாதிரிக் கருவி வைத்தார்கள். அதற்கு மேலே மலை கிடையாது. அதனால் அது நியூட்ரினோவை விட்டுவிட்டு வானத்திலிருந்து விழுகிற மியூவானை எண்ணுகிறது. இந்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அதே 2015 ஜனவரியில் சீனாவின் குவாங்டாங்கில் ஜூனோ என்ற ஆய்வகத்துக்குக் கட்டுமானம் தொடங்கியது. எது கனம், எது லேசு என்ற அதே கேள்விதான். 2025 ஆகஸ்டில் அது தரவு எடுக்க ஆரம்பித்துவிட்டது.

கடமலை-மயிலையில் எலெக்ட்ரிக்கல் பி.எச்டி. சேருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். தலைப்பில் மலை வேண்டாம், ஆறு வேண்டாம், பக்கத்து மாநிலம் சுத்தமாக வேண்டாம். மேசை மேல் அடங்குகிற மாதிரி ஒரு இன்வெர்ட்டரோ மோட்டாரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் யாராவது கேட்டால் முதலில் கிணற்றைப் பற்றிப் பேசுங்கள்.