திரும்பி வரும் தாள்கள்: தேஹு ரோட்டிலிருந்து ஓர் ஆய்வு

எழுத்தாளர்கள் ஏன் எழுதுவதை விடுவதில்லை என்ற கேள்விக்குப் புகழ், பணம் என்று சொல்லப்பட்டுவரும் விடைகள் ஆய்வுக்கு உதவா. அவை கிடைத்தவர்களைத் தேடிப் பிடிப்பது கடினம். கைக்கெட்டும் தரவு தேஹு ரோட்டில் இருக்கிறது.

புனே - லோனாவாலா லோக்கலில் போகிறவர்களுக்கு இந்த ஸ்டேஷன் என்றால் ராணுவக் கன்டோன்மென்ட், ஆயுதக் கிடங்கு. சில கிலோமீட்டர் தள்ளி இந்திராயணிக் கரையில் தேஹு கிராமம். 17ஆம் நூற்றாண்டு மராத்தி பக்திக் கவிஞர் துகாராம் பிறந்த வீட்டில் மளிகையும் உண்டு, வட்டிக்கடையும் உண்டு. மரபுக் கதைப்படி அவருடைய இரண்டு கட்டுகள் ஆற்றுக்குள் போயின. முதலாவது கடன் பத்திரங்கள். தம்பி பங்கைக் கொடுத்துவிட்டுத் தம் பங்கைத் தாமே போட்டார். அடுத்தது அவர் பாடிய அபங்கங்கள் என்னும் பக்திப் பாடல்கள், ராமேஷ்வர் பட் என்ற பண்டிதரின் கட்டளை. 13 நாள் பட்டினி கிடந்தார், அபங்கங்கள் மேலே வந்தன. பத்திரங்கள் வரவேயில்லை.

பெறப்படும் விதி: பணம் தேறும் தாள் போனால் போனதுதான், தேறாத தாள் எழுதியவரிடமே திரும்பும். 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற சீட்டோடு, தாம் ஒட்டிய தபால்தலையிலேயே கதை திரும்பக் கண்டவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். (13 நாளில் முடிவு சொன்ன இந்திராயணி நம் பத்திரிகைகளைவிட எவ்வளவோ மேல்.) திரும்பிய தாளை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஒரு வரி இடிக்கும். திருத்தினால் படியெடுக்க வேண்டும். படியெடுத்துவிட்டு அனுப்பாமல் எப்படி? சமணரோடு நடந்த வாதத்தில் வைகையை எதிர்த்துத் திருவேடகம் வரை போன சம்பந்தரின் ஏடு இங்கே விதிவிலக்கு. அது தேர்வான படைப்பு.

மாற்றுக் கொள்கை ஒன்றும் உண்டு. நூறு கோடி அபங்கம் பாடுவதாகச் சபதம் செய்த முந்தைய காலக் கவிஞர் நாமதேவர், கனவில் வந்து மிச்சத்தைத் துகாராம் தலையில் கட்டினாராம். ஊரார் கடனைத் தள்ளிவிட்டவர் இந்தப் பாக்கியை மட்டும் ஏற்றுக்கொண்டார். வணிகக் குடும்பத்துக்கு இது அழகல்ல.

தேஹு ரோட்டிலேயே இன்னொரு தரவு. 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் இங்கே புத்தர் சிலையை நிறுவினார். 'புத்தரும் அவர் தம்மமும்' அப்போது எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1956 செப்டம்பரில், அரசு 500 பிரதி வாங்கிக்கொள்ளுமா என்று நேருவைக் கேட்டார். ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. உடம்பு முடியாத நிலையில், டிசம்பர் 5 இரவும் அந்நூலின் முன்னுரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் இல்லை. நூல் 1957இல் வந்தது.

இத்தரவு நம் விதிக்குள் மடங்க மறுப்பதால் பின்னிணைப்புக்கு மாற்றப்படுகிறது. இடமின்மையால் பின்னிணைப்பு சேர்க்கப்படவில்லை.